நடந்து வரைந்த கோடு: ரிச்சர்ட் லோங்கின் சிற்பமும் மலையகத்து மண்ணும்

ஒருவன் புல்வெளியொன்றில் முன்னும் பின்னுமாக நடக்கிறான். மிதிபட்ட புல் மடிந்து, வெயில் பட்டு, நேர்கோடொன்று கண்ணுக்குப் புலப்படும் வரையில் நடக்கிறான். பின்னர் அதனைப் புகைப்படமாக எடுத்துக்கொண்டு, இது தன் சிற்பம் என்கிறான். தேயிலை மலையில் நாளெல்லாம் ஏறி இறங்கும் தொழிலாளி ஒருவரிடம் இச்செய்தியைச் சொன்னால் அவர் சிரிப்பார். அச்சிரிப்பில் நியாயம் உண்டு. ஆயினும் அச்சிரிப்போடு விடயத்தை முடித்துக்கொள்ளும் விமர்சகன் தன் கடமையிற் பாதியையே செய்தவனாவான். ரிச்சர்ட் லோங் என்னும் ஆங்கிலச் சிற்பியின் நீண்ட கலைவாழ்வு, ஹட்டனிலோ நுவரெலியாவிலோ நின்று நோக்குமிடத்து, மேனாட்டு விமர்சகர் காணாத சிலவற்றை நமக்குக் காட்டுகிறது. அவர் தாமே காணாத சிலவும் அவற்றுள் அடங்கும்.

1945ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரிற் பிறந்த லோங், லண்டன் சென் மார்ட்டின் கலைக்கல்லூரியில் மாணவராயிருந்தபோது, 1967ஆம் ஆண்டிலே, வாட்டர்லூ நிலையத்திற் புகையிரதம் ஏறி, ஏறத்தாழ 20 மைல் சென்று இறங்கி, பெயர் பெறாத ஒரு வெளியில் மேற்சொன்ன கோட்டை நடந்து வரைந்தார். அப்போது அவருக்கு வயது 22. அக்காலத்து ஆங்கிலச் சிற்பக்கலை உருக்கின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அந்தோனி காரோவும் அவர் வழி வந்தோரும் தகடுகளையும் சட்டங்களையும் பற்றவைத்து, வர்ணம் பூசிக் கூடத்தின் நடுவே நிறுத்தினர். பீடத்தை அகற்றியது அவர்களது புரட்சி. பட்டறையையும், ஈற்றிற் பொருளையுமே அகற்றியது இந்த மாணவனின் புரட்சி. சிலநாளிற் புல் நிமிர்ந்துவிட்டிருக்கும். எஞ்சியது கறுப்பு வெள்ளைப் படமொன்றே.

மறு ஆண்டே ஜேர்மனியில், டுசல்டோர்ப் நகரில், கொன்றாட் பிஷர் என்பாரின் கலைக்கூடத்தில் அவரது முதல் தனிக் கண்காட்சி நடைபெற்றது. அதன் பின் அவருடைய வாழ்வு பயணமாகவே அமைந்தது. 1969இற் கிளிமஞ்சாரோ ஏறினார். 1972இற் பெரு நாட்டின் மேட்டுநிலத்தில் ஒரு கோடு நடந்தார். 1975இல் நேபாளத்திற் கற்களை அடுக்கி இமயத்துக் கோட்டை அமைத்தார். 1976இல் வெனிஸ் கண்காட்சியிற் பிரித்தானியாவின் பிரதிநிதி. 1989இல் டேர்னர் பரிசு. 2009இல் லண்டன் டேட் கலைக்கூடத்திற் பெருங்கண்காட்சி. 2018இற் 'சர்' பட்டம். நாடோடியின் கலை அரண்மனை வாசலுக்கு வந்து சேர்ந்த இக்கதையிற் புதுமை ஏதுமில்லை. முதலாளித்துவ சமுதாயம் தன்னை மறுப்போரையும் நாளடைவிற் பட்டமளித்து அணைத்துக்கொள்வதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். பட்டங்களை விட்டுப் படைப்புகளை நோக்குவோம்.

இமயத்துக் கோடு நம்மைக் கவர்வது ஏன்? பனிமலை பின்னே எழுகிறது. முன்னே கற்கள் சிதறிக் கிடக்கும் சரிவு. அச்சரிவின் குறுக்கே, அங்கேயே கிடந்த கற்களால், ஆளின்றி, அறிவிப்பின்றி, நேரான ஒரு கோடு. இயற்கையில் நேர்கோடு அரிது. ஆகவே அதனைக் கண்டவுடன் இங்கே ஒரு மனிதன் வந்தான் என்று உள்ளம் சொல்கிறது. அம்மனிதன் மலையை வெல்ல முயலவில்லை. கொடி நாட்டவில்லை. கற்களைச் சிறிது இடம் மாற்றி வைத்துவிட்டுப் போய்விட்டான். மலை பெரிது, மனிதன் சிறியன் எனினும் இருவரும் ஒரே கல்லால் உறவினர் என்னும் உணர்வை, ஒரு சொல்லுமின்றி அப்படம் எழுப்புகிறது. இதனை வெறும் உருவவாதம் என்று ஒதுக்கும் நண்பர்களோடு நான் உடன்படேன். கலைஞனின் கருவி உளி மட்டுமன்று, காலும் கருவியே என்று நிறுவியது எளிய சாதனையன்று. நம் சிவனொளிபாத மலையின் உச்சியில் மக்கள் வணங்குவதும் ஓர் அடிச்சுவட்டைத்தானே!

இதே காலத்தில் அமெரிக்கச் சிற்பிகள் சிலர் நிலத்தை எவ்வாறு நடத்தினர் என்பதையும் ஒப்புநோக்க வேண்டும். மைக்கேல் ஹைசர் 1969இல் நெவாடாப் பாலைநிலத்தில் வெடிமருந்தும் மண்வாரி யந்திரமும் கொண்டு 2,40,000 தொன் பாறையை அகற்றி இரு பெரும் பள்ளங்களைத் தோண்டினார். 1970இல் றொபர்ட் சிமித்சன் உப்பு ஏரியொன்றினுள்ளே கல்லையும் மண்ணையும் கொட்டிச் சுருள்வடிவ மேடை எழுப்பினார். இவற்றின் அருகே லோங்கின் கோடு அடக்கமானது, நாகரிகமானது. நிலம் தன் உடைமை என்னும் செருக்கு அதில் இல்லை.

ஆனால் அவருடைய படங்களைத் தொடர்ந்து பார்த்து வருவோருக்கு ஒரு குறை புலனாகாமற் போகாது. ஏறத்தாழ எந்தப் படத்திலும் மனிதர் இல்லை. அவர் நடந்த நிலங்களிற் பல, மக்கள் மிகுந்து வாழும் நிலங்கள். பாதைகள் அவருக்கு முன்பே இருந்தன. யாரோ விறகு சுமந்து, ஆடு மேய்த்து, சந்தைக்குச் சென்று உண்டாக்கிய பாதைகள். புகைப்படத்தின் நாற்புறச் சட்டத்துக்கு வெளியே அவர்கள் நின்றிருக்க வேண்டும். உள்ளே வெறுமை, அவ்வெறுமையை மேனாட்டு விமர்சகர் தூய இயற்கை என்று போற்றுகின்றனர்.

இவ்விடத்தில் 1978ஆம் ஆண்டுப் படைப்பு ஒன்றைச் சற்று நின்று நோக்குதல் தகும். ஆபிரிக்காவின் மலாவி நாட்டிலே, 3,000 மீற்றருக்குச் சற்று மேலாக உயர்ந்து நிற்கும் முலஞ்சி மலையில், எரிந்து கருகிய கள்ளிக் கிளைகளைக் கொண்டு லோங் ஒரு வட்டம் அமைத்தார். ஆபிரிக்காவில் ஒரு வட்டம் என்பது அதன் பெயர். கரிய கிளைகள், மேட்டுநிலம், வானம், படம் அழகானது. அம்மலையின் அடிவாரத்தில் என்ன இருக்கிறது? தேயிலை. பசிய கம்பளம் போல் மலையைச் சுற்றிப் படர்ந்து கிடப்பது பிரித்தானியர் உண்டாக்கிய தேயிலைத் தோட்டங்களே. 1890களின் தொடக்கத்தில் அங்கே அதனை வணிகப் பயிராக நட்டோருள் முதன்மையானவர் ஹென்றி பிரவுன் என்னும் துரை. அவர் எங்கிருந்து சென்றவர் என்பதுதான் நமக்குச் சுவையான செய்தி: இலங்கையிலே கோப்பி அழிந்தபின் புதுநிலம் தேடிப் புறப்பட்ட தோட்டக்காரர் அவர். அத்தோட்டங்களுக்கு உழைப்பாளராக வந்தோரிற் பெருந்தொகையினர் மொசாம்பிக் பக்கமிருந்து எல்லை கடந்து நடந்து வந்த லோம்வே மக்கள். குடியிருக்கும் நிலத்துக்கு வாடகையாகத் துரையின் நிலத்தில் உழைத்துக் கொடுக்கும் கொடிய முறை அந்நாட்டில் நிலவியது. தங்கத்தா என்று அதனை அழைத்தனர்.

ஆக, மலையுச்சியில் ஓர் ஆங்கிலேயர் தனியே நடந்து வந்து வட்டம் அமைக்கிறார். அடிவாரத்திலே இன்னோர் ஆங்கிலேயரின் வரவால் ஆயிரக்கணக்கானோர் நடந்து வந்து உருவாக்கிய நிலத்தோற்றம் விரிந்து கிடக்கிறது. முன்னையது சிற்பம் எனக் கலைக்கூடச் சுவரில் தொங்குகிறது. பின்னையதற்குப் பெயர் இல்லை.

இதனை லோங்கின் மீது குற்றமாகச் சாட்டுவது என் கருத்தன்று. ஒரு கலைஞன் எதையெல்லாம் கவனிக்கவில்லை என்று பட்டியலிடுவது விமர்சனத்தின் மலிவான வேலை. நான் சொல்ல வருவது வேறு. நடத்தல் சிற்பமாகலாம், நிலத்தில் மனித உடல் பதிக்கும் சுவடே சிற்பம் என்னும் அவருடைய இலக்கணத்தை நாம் முழுமனதோடு ஏற்றுக்கொள்வோம். ஏற்றுக்கொண்டபின் அவ்விலக்கணத்தை அதன் எல்லை வரைக்கும் கொண்டுசெல்வோம். அது நம்மை இம்மலைகளுக்கே கொண்டுவந்து விடுகிறது.

19ஆம் நூற்றாண்டிலே, தென்னிந்தியக் கிராமங்களில் பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் துரத்த, கங்காணியின் பின்னே புறப்பட்டவர்கள் இராமேசுவரம் பக்கத்துக் கரைகளிலிருந்து படகேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மாத்தளை வரைக்கும் 150 மைல் அளவான வழி; காடும் வரண்ட நிலமும். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியில் விழுந்தவர்கள் வழியிலேயே விடப்பட்டனர். 1914இல் தலைமன்னார்வரை புகையிரதமும் கப்பற் சேவையும் இணைந்த பின்னரே இந்நெடுநடை பழங்கதையாயிற்று. லோங் தம் நடைகளிற் பலவற்றைச் சொற்களாக அச்சிட்டுச் சட்டமிட்டுத் தொங்கவிடுவது வழக்கம்: எங்கிருந்து எங்கே, எத்தனை மைல், எத்தனை நாள், வழியிற் கண்டது என்ன. மன்னார் வழியில் நடந்தவர்களுக்கு அத்தகைய பதிவு இல்லை. அவர்கள் சோறாக்க வைத்த மூன்று கற்கள் மறுநாள் வந்தவனுக்கு அடுப்பாயின. அதற்கு மறுநாள் ஒருவேளை புதைகுழிக்கு அடையாளமாயின. கல்லை எடுத்து வைப்பதும் நடப்பதுந்தான் சிற்பம் எனில் அக்கற்களுக்கு நாம் என்ன பெயரிடுவது?

மலைக்கு வந்து சேர்ந்தபின் அவர்கள் செய்ததை எண்ணிப் பாருங்கள். காட்டை வெட்டினர், சரிவை வகிர்ந்தனர், கான் வெட்டினர், கல்கட்டுக் கட்டினர், பாதை போட்டனர். கோப்பியை நோய் தின்றபின் அதே சரிவிலே தேயிலை நட்டனர். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் முதன்முதல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல். லோங் தம் கோட்டை நடந்தது சரியாக 100 ஆண்டு கழித்து. இது தற்செயலே, இதற்குப் பொருள் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குச் செல்லும் வழியில் உல்லாசப் பயணிகள் புகையிரதச் சன்னலில் தொங்கிக்கொண்டு படமெடுக்கும் அந்தச் 'சிங்கார இயற்கை' இயற்கையே அன்று. ஒவ்வொரு மடிப்பும் மண்வெட்டியும் முள்ளும் கொண்டு கையாற் செதுக்கப்பட்டது. ஒவ்வொரு செடியின் மட்டமும் கவ்வாத்துக் கத்தி வகுத்தது. ஹைசரின் 2,40,000 தொன்னை வியப்போர் இம்மலைகளிற் பெயர்க்கப்பட்ட மண்ணை எவ்வாறு நிறுப்பர்?

கோடு என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். லோங்கின் வாழ்நாள் முழுவதும் ஓடிவரும் வடிவம் அது. அதே ஆங்கிலச் சொல்தான் மலையகத்திலே 'லயன்' ஆகிக் 'காம்பரா'க்களின் நீண்ட வரிசையைக் குறித்தது. பின்னர் 'லயம்' என மருவிற்று. இசையிலே லயம் என்பது இன்பம். தோட்டத்திலே லயம் என்பது ஒரே கூரையின் கீழ் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு இன்னொரு கோடும் உண்டு. பிரட்டில் அவளுக்கு ஒதுக்கப்படுவது ஒரு 'நிரை'. அந்நிரையிலே கூடையைச் சுமந்துகொண்டு காலையிலிருந்து மாலைவரை முன்னும் பின்னுமாக, ஏற்றமும் இறக்கமுமாக அவள் நடக்கிறாள். 18 கிலோவோ 20 கிலோவோ, அத்தோட்டத்தின் கணக்கு எதுவோ அது நிறையும் வரையில் நடக்கிறாள். செடிகளுக்கிடையே அவள் காலடி பதித்த தடம் 1967ஆம் ஆண்டுப் படத்திலே காணப்படும் கோட்டை ஒத்திருப்பதைக் கண்டு நான் வியந்ததுண்டு. வேறுபாடு ஒன்றுண்டு: லோங் தம் கோட்டை எப்போது நிறுத்துவது என்பதைத் தாமே முடிவு செய்தார்.

கலையிலே சுதந்திரம் என்று பேசுவோர் இவ்வேறுபாட்டைக் கருத்திற் கொள்ள வேண்டும். லோங் பெருவுக்கும் நேபாளத்துக்கும் போய்வந்த அவ்வாண்டுகளில் மலையகத்தவருட் பல இலட்சம்பேர் எந்நாட்டுக் குடிகளும் அல்லர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களது குடியுரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. அவர்களும் 1974இற் பாதிக்குப் பாதியாகப் பிரிக்கப்பட்டனர். பாட்டன் நடந்து வந்த வழியிலே பேரன் பெட்டியுடன் திருப்பி அனுப்பப்பட்டான். முன்னும் பின்னுமாக வரையப்பட்ட கோடு இதுவும். நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஒருவனுக்கு உலகமெல்லாம் நடைபாதையாய் இருப்பதும் இன்னொருவனுக்குத் தான் செதுக்கிய மலையே அந்நியமாய் இருப்பதும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள். பிரிஸ்டல் துறைமுகத்தின் செல்வம் அடிமை வியாபாரத்தில் வளர்ந்தது என்பதும், அந்நகரின் ஏவன் ஆற்றுச் சேற்றை அள்ளித்தான் லோங் கலைக்கூடச் சுவர்களிற் கையால் வட்டங்கள் தீட்டுகிறார் என்பதும் சேர்த்து நினைக்கத்தக்கவை.

சேற்று வட்டம் என்றதும் 1989ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சி நினைவுக்கு வருகிறது. மண்ணின் மாயக்காரர் என்னும் பெயரில், ஐரோப்பியக் கலைஞரையும் ஏனைய கண்டங்களின் கலைஞரையும் சமமாக வைக்கிறோம் என்று சொல்லி ஜீன் ஊபர் மார்ட்டின் அதனை அமைத்தார். அங்கே அவுஸ்திரேலிய ஆதிக்குடிகளான யுவெண்டுமுச் சமூகத்தினர் தரையிலே மண்ணோவியம் ஒன்றை இட்டிருந்தனர். அதற்கு மேலே, சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு, லோங்கின் செம்மண் வட்டம் சூரியனைப் போல் எழுந்து நின்றது. பலர் கூடித் தம் மூதாதையரின் கதையை இட்ட ஓவியம் கீழே, தனியொருவரின் கைவட்டம் மேலே. இவ்வமைப்புக்கு லோங் மட்டும் பொறுப்பல்லர். ஆயினும் சமத்துவம் பேசிய மண்டபத்தில் உயரம் யாருக்குக் கிடைத்தது என்பதைக் கண்டோர் அன்றே கேட்டனர்.

அதற்குப்பின் அவர் எதையும் கற்கவில்லை என்று கூறுவதும் நேர்மையன்று. 2003இல் அவர் மகாராட்டிரத்து வார்லிப் பழங்குடி ஓவியரான ஜீவ்யா சோமா மாசேயின் நாட்டுக்குச் சென்றார். இருவரது படைப்புகளும் டுசல்டோர்ப்பில் ஒருங்கே வைக்கப்பட்டன. மாசேயின் ஓவியங்களில், மாட்டுச் சாணம் பூசிய துணிமீது, அரிசிமா வெள்ளையிலே நூற்றுக்கணக்கான சிறு மனிதர்கள் நடுகிறார்கள், அறுக்கிறார்கள், வட்டமாகக் கைகோத்து ஆடுகிறார்கள். லோங்கின் வட்டம் வெறுமையாகவே இருந்தது. இரண்டையும் அருகருகே காணும்போது எதில் உயிர் மிகுதி என்பதை வாசகர் தாமே துணியலாம். என் மனம் மாசேயின் பக்கம்.

இனி நம் காலத்து நடை ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் புறப்பட்டு, ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நடந்து ஆகஸ்டில் மாத்தளையை அடைந்தது. காணி உரிமை, நியாயமான கூலி, சம குடிமக்கள் என்னும் ஏற்பு ஆகிய கோரிக்கைகளோடு நடந்த நடை அது. மூதாதையர் துரத்தப்பட்டு நடந்த அதே வழியைப் பேரர்கள் தம் விருப்பத்தால் நடந்தனர். இதனைக் கலைவிழா என்று எவரும் அழைக்கவில்லை, அழைக்க வேண்டியதும் இல்லை. ஆனால் லோங்கின் இலக்கணத்தை அறிந்த கண்ணுக்கு அது வேறொன்றாகவும் தோன்றுகிறது. நிலத்திலே நீண்டகாலமாக அழிந்து கிடந்த ஒரு கோட்டை அவர்கள் காலால் மீண்டும் வரைந்தனர். 1967ஆம் ஆண்டுப் புல்வெளியில் இல்லாத மனிதர்கள் இதிலே நிறைந்திருந்தனர். அவர்கள் கேட்ட காணியோ பெரிதன்று. வீட்டுக்கு ஒதுக்குவதாகச் சொல்லப்படும் 7 பேர்ச் நிலத்தின் உறுதிகூட இன்னும் பல குடும்பங்களின் கைக்கு வரவில்லை.

மலையகத்திலிருந்தே எழுந்த கலைஞர் இந்நிலத்தை எவ்வாறு கையாளுகின்றனர் என்பது இவ்விசாரணையின் அடுத்த படி. அது தனிக் கட்டுரைக்குரியது. ஒருவரை மட்டும் சுட்டுகிறேன். ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் மலைக்காட்சியைத் தீட்டுவதிலே ஆர்வம் காட்டவில்லை. அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள் தேநீர் வடிகட்டி, பயன்படுத்தி எறிந்த தேயிலைப் பை, தேயிலைச் சாயம் ஆகியன. லோங் எங்கே சென்றாலும் அங்குக் கிடக்கும் கல்லை எடுப்பது போலவே இவரும் தம் மண்ணிற் கிடப்பதை எடுக்கிறார், முறை ஒன்றே. ஆனால் கல்லுக்கு முதலாளி இல்லை, தேயிலைக்கு உண்டு. ஆகவே இவரது பொருளை எடுத்தவுடனேயே அதைப் பறித்தவளின் கையும் கூடவே வந்துவிடுகிறது. மலையை முழுதாகக் காட்டும் பரந்த காட்சி இவருக்குத் தேவைப்படவில்லை. பார்வையை உயர்த்தி வானத்தைத் தேடும் லோங்கின் படத்தை விட்டு இங்கே வந்தால், பார்வையாளன் குனிந்து, சமையலறைச் சாமானொன்றை அருகிலே வைத்து, கம்பி வலையின் கண்களூடாக நோக்க வேண்டியவனாகிறான். தினமும் காலையிலே தன் கையிற் பிடிக்கும் பொருள் அது. அதிலே சாயம் ஏறியிருக்கிறது.